நின்ற கல்

தம்பியின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. மூத்தவர் தோளைப் பிடித்து முழங்கையை மெல்ல வளைத்துப் பார்த்தார், விறைத்துப்போயிருந்தது. உயிரோடு இருந்தபோதே அந்தக் கை அவர் பேச்சைக் கேட்டதில்லை, இப்போதா கேட்கப்போகிறது? கடைசியில் சட்டையின் முதுகைக் கத்தரியால் மேலிருந்து கீழாக வெட்டி, இரண்டு கைகளையும் முன்பக்கமாகச் செருகி, வெட்டிய ஓரங்களை உடம்புக்கு அடியில் மடித்துவிட்டார். பொத்தான்களைப் போட்டு முடித்தபோது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

“பாருடா, மாப்பிள்ளை மாதிரி இருக்கான்,” என்று கதவோரம் நின்றிருந்த அக்கா விம்மினாள். “ஒரு நரை உண்டா என் கண்ணுக்கு?”

நரை இல்லைதான். அண்ணனுக்கும் தம்பிக்கும் நான்கே வயது வித்தியாசம். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பார்த்தால் அப்பா, பிள்ளை என்பார்கள். நேற்று விடியற்காலை பல் தேய்க்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான். படுத்துக் கிடக்கவில்லை, இளைக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. சாவிலும் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டான் என்று மூத்தவருக்குத் தோன்றியது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் தோன்றியது தோன்றியதுதான்.

கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. அழுகிறவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் தம்பியின் வேலையைப் பற்றிப் பேசினார்கள். “யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்,” என்றார் ரொட்டிக் கடைக்காரர். எல்லாரும் தலையாட்டினார்கள். மூத்தவரும் ஆட்டினார். தான் போகும்போது இந்த ஆள் எந்த மிருகத்தைச் சொல்வார் என்று ஒரு யோசனை உள்ளே ஓடியது.

இருவருமே கல்வேலைக்காரர்கள். ஊர் நடுவில் நிற்கும் பழைய தேவாலயத்தின் சுவர்களைச் சில வருஷங்களாகச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மழையும் புகையும் தின்ற கற்களை எடுத்துவிட்டு, அதே அளவில், அதே உருவில் புதுக் கல் வைக்கிற வேலை. தம்பி செதுக்குவான், மூத்தவர் ஏற்றிப் பதிப்பார். இலை, பூ, பறவை, தேவதூதர் எல்லாம் தம்பி. மட்டம், சந்து, சுண்ணாம்பு எல்லாம் மூத்தவர். வேலையாட்கள் ஒருவரைச் சின்ன மேஸ்திரி என்றும் மற்றவரைப் பெரிய மேஸ்திரி என்றும் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் சின்ன மேஸ்திரி எங்கே என்றுதான் கேட்பார்கள். சுவரை அண்ணாந்து பார்க்கிறவன் இலையைப் பார்ப்பான். இரண்டு கல்லுக்கு நடுவே நகம் நுழையாத சந்து இருக்கிறதே, அதை எவன் பார்ப்பான்? ஒருமுறை பத்திரிகையில் படம் வந்தது. தம்பி உளியோடு சிரித்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் மூத்தவரின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது. அவர் மனைவி அந்தப் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினாள். கத்தரித்தபோது முழங்கையை வெளியே விட்டுவிட்டாள்.

பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டுத் தம்பி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். “பெரிய வாசலுக்கு மேல இலை வரிசையில ஒரு கல்லுதான் பாக்கி. அதையும் முடிச்சு வச்சுட்டுத்தான் போயிருக்காரு, பாருங்க. கடமை தவறாத மனுஷன்,” என்றார்.

அவள் தலையை உயர்த்தி மூத்தவரைப் பார்த்தாள்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தக் கல்லைச் சாயங்காலத்துக்குள்ள மேல ஏத்திர முடியுமா? அதுக்கு அடியிலதான் அவரைக் கொண்டுபோகணும்.”

சுண்ணாம்பு வேலை அவசரத்தில் செய்கிற வேலையில்லை என்று சொல்ல மூத்தவர் வாயைத் திறந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்வானோ என்கிற பார்வை. அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானதுதான். ஊரில் யாரும் அவர் முகத்துக்கு நேராகப் பொறாமைக்காரன் என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

“ஏத்திரலாம்மா,” என்றார்.

“கோணலா வச்சுராதடா,” என்றாள் அக்கா.

அவர் வாழ்நாளில் ஒரு கல்லைக் கோணலாக வைத்ததில்லை. அது அக்காவுக்கும் தெரியும். வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தேவாலயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சாரம் கட்டுகிற மொட்டை அவருக்காகக் காத்திருந்தான். தலையில் அடர்த்தியாக முடி வைத்திருந்தவனுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. போர்த்தியிருந்த சாக்கை இருவருமாக விலக்கினார்கள்.

இலைகள். ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, காற்று வந்து இப்போதுதான் திருப்பிவிட்டுப் போன மாதிரி ஏழெட்டு இலைகள். ஓர் இலையின் ஓரத்தில் புழு தின்ற ஓட்டை. மொட்டை அந்த ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து மறுபடி அழ ஆரம்பித்தான். ஓட்டைக்குக்கூட அழுகிறார்களே என்று மூத்தவருக்கு வயிறு எரிந்தது. தான் ஒரு கல்லில் ஓட்டை விட்டிருந்தால் கூலியைப் பிடித்திருப்பார்கள்.

“போதும், அழுதது. தண்ணி கொண்டா.”

சுண்ணாம்புச் சாந்தில் வைக்குமுன் கல்லை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிறகு சாந்து மண்ணாய் உதிரும். மூத்தவர் தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு முதுகுப்பக்கம் நனைத்தார். பிறகு பக்கவாட்டில் நனைத்தார். தூரிகை அப்படியே நின்றது.

ஈரம் பட்ட இடத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அந்த மணற்கல் காய்ந்திருக்கும்போது ஒன்றும் காட்டாது. நனைத்தால்தான் அடுக்குகளைக் காட்டும். கோடுகள் படுக்கையாக ஓடியிருக்க வேண்டும். இவை நெட்டுக்குத்தாக நின்றன.

கல்லுக்கும் படுக்கை உண்டு. மண்ணுக்குள் எந்தப் பக்கம் படுத்து வளர்ந்ததோ அந்தப் பக்கமே சுவரிலும் படுக்க வேண்டும். எழுப்பி நிறுத்தி வைத்தால் அடுக்குகள் தெருவைப் பார்த்து நிற்கும். மழைத்தண்ணீர் மேலிருந்து அடுக்குகளுக்கு நடுவே இறங்கும். குளிரும் வெயிலும் மாறி மாறி அடித்து, முகம் ஏடு ஏடாகக் கழன்று விழும். கல்வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருவது இது. அவர்கள் குடும்பத்தில் உதவாக்கரைகளுக்கே ‘நின்ன கல்லு’ என்றுதான் பெயர். அக்காவின் புருஷனை அண்ணனும் தம்பியும் சேர்ந்து அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்கள். இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

இப்போது தம்பி நின்ற கல்லில் இலை செதுக்கியிருக்கிறான்.

மூத்தவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. உச்சந்தலைவரை ஏறிய, சுத்தமான சந்தோஷம். தப்பு விட்டுவிட்டான்! படம் பிடித்தார்களே, யானை என்றார்களே, அந்த ஆள் கற்றுக்குட்டிகூட விடாத தப்பை விட்டிருக்கிறான். கூடத்துக்கு ஓடிப்போய் எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

“மொட்டை, இங்க வா. இந்தக் கல்லு படுக்கையைப் பாரு. உங்க சின்ன மேஸ்திரி செஞ்சிருக்கிற லட்சணத்தைப் பாரு.”

மொட்டை வந்தான். ஆனால் கல்லைப் பார்க்கவில்லை. மூத்தவர் முகத்தைப் பார்த்தான்.

“இன்னிக்குமா மேஸ்திரி?” என்றான். “அந்த மனுஷன் இன்னும் வீட்டைவிட்டுக்கூட வெளிய வரல. இன்னிக்கு ஒரு நாள் விட்டுரக் கூடாதா?”

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னான். அதுதான் சுருக்கென்று தைத்தது. கையில் தண்ணீர் இருக்கிறது, கண்ணெதிரே கோடு இருக்கிறது. பாதிரியாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் இதேதான் கேட்பார். இத்தனை வருஷமாகத் தம்பி வேலையில் நொட்டை சொல்லிச் சொல்லி, உண்மையான நொட்டை ஒன்று கிடைத்த அன்றைக்குச் சொல்ல நாக்கு இருந்தது, கேட்க ஆள் இல்லை.

சரி, போகட்டும். ஏற்றிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டார். பத்துப் பதினைந்து வருஷம். இலை ஒவ்வொன்றாக வாசலில் உதிரும். கூட்டிப் பெருக்குகிறவள் அள்ளிப் போடுவாள். அவர் பூசிய சந்து அப்படியே இருக்கும். அன்றைக்குச் சொல்லட்டும் யார் வேலைக்காரன் என்று.

“ஏத்து,” என்றார்.

சங்கிலிக் கப்பி கிறீச்சிட்டது. கல் மெல்ல மேலே போனது. வாசல் வளைவுக்கு மேல், சாரப்பலகையில் மண்டியிட்டு, மூத்தவர் பழைய கற்களுக்கு நடுவே இருந்த பொந்தில் சாந்தைப் பரப்பினார். கல்லை உள்ளே தள்ளி, மரக்கட்டையால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி தட்டினார். மயிரிழை பிசகவில்லை. இரண்டு பக்கமும் பழைய இலைகளோடு புது இலை போய்ச் சேர்ந்துகொண்டது. மொட்டை பெட்டி தூக்கப் போக வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டான்.

தனியாக உட்கார்ந்து சந்தை அடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாபகம் வந்தது. இந்தக் கல் கொட்டகைக்கு வந்த அன்று தம்பி அதை நனைத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான். “அண்ணா, இது எந்தப் பக்கம் படுக்குதுன்னு கொஞ்சம் பாரேன்.” கொட்டகையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் தன்னை வைத்து ஏதோ விளையாட்டுக் காட்டுகிறான் என்று மூத்தவருக்குப் பட்டது. “உனக்குத் தெரியாததா? நீதான் பெரிய சிற்பியாச்சே, நீயே பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டுச் சாந்துச் சட்டியோடு நடந்துவிட்டார். தம்பி சிரித்தான். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு செதுக்குகிற புது வித்தை ஒன்றையும் ஆரம்பித்தான். இடது கை விரல்களால் கல்லைத் தடவிக்கொண்டே, கண் மூடி, உளித்தலையில் கொட்டாப்புளியைப் பூப்போல் போடுவான். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பந்தா பண்ணுகிறான் என்று மூத்தவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“மாமா.”

கீழே தம்பி மனைவி நின்றிருந்தாள். பெட்டி வருவதற்கு முன்னால் தனியாக நடந்து வந்திருக்கிறாள். அண்ணாந்து இலைகளைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லா வந்திருக்கா மாமா?”

“ஏன் கேக்குற?”

“பயமா இருந்துச்சு. அவருக்குக் கொஞ்ச நாளாவே கண்ணு சரியில்ல. விளிம்புதான் தெரியுது, நடுவுல ஒரே புகையா இருக்குன்னாரு. டாக்டர், இனிமே திரும்பாதுன்னு சொல்லிட்டாராம். இந்தக் கல்லை விரலாலதான் பாத்துப் பாத்துச் செஞ்சாரு.”

மூத்தவர் கரண்டியைக் கீழே வைத்தார். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் தயங்கினாள். பிறகு, அழுது சிவந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“நான் சொன்னேன், அண்ணன்கிட்ட சொல்லுங்க, கூட நின்னு பாத்துக்குவாருன்னு. அதுக்கு அவரு, ‘வேண்டாம்டி, சொன்னா அவன் ஒரு வாரம் நிம்மதியா தூங்குவான்’னு சொல்லிச் சிரிச்சாரு. விளையாட்டுக்குத்தான் மாமா. தப்பா எடுத்துக்காதீங்க.”

விளையாட்டுதான். ஆனால் பொய்யில்லை. தூங்கியிருப்பார். ஒரு வாரம் என்ன, ஒரு மாதமே தூங்கியிருப்பார். அது தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டான். கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இதோ நான்கு பக்கமும் சாந்து பூசிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது.

“குறை ஒண்ணும் இல்லையே மாமா?” என்று அவள் மறுபடி கேட்டாள்.

ஊரில் அவர் சொன்னால் நம்பக்கூடிய ஒரே ஆள். பொறாமையில் சொல்கிறார் என்று நினைக்காமல் கேட்கக்கூடிய ஒரே ஆள். சொல்லலாம். சாந்து இன்னும் இறுகவில்லை, கல்லை இறக்கிவிடலாம். இறக்கினால் வேறு கல்லில் இந்த இலைகளைச் செதுக்க ஆளில்லை.

“உன் புருஷன் வேலையில குறை சொல்ல முடியுமாம்மா?” என்றார் மூத்தவர். தம்பியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை, அதுவும் பொய்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூத்தவர் ஏணியில் இறங்கிக் கொட்டகைக்கு ஓடினார். கூரை வேலையில் மிஞ்சிய ஈயத் தகடு ஒன்று மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை நீளவாக்கில் வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார். புதுக் கல்லுக்கு மேலே பூசியிருந்த சாந்தை முழுதும் சுரண்டி எடுத்தார். தகட்டின் ஓர் ஓரத்தை மடித்து அந்தச் சந்துக்குள் செருகி, ஈயத் துண்டுகளை ஆப்பாக அடித்து இறுக்கினார். மீதித் தகட்டை இலைகளின் தலைக்கு மேல் மரச்சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப் படியவைத்தார். ஈயம் சொன்னபடி கேட்டது. இலை எங்கே எழுந்ததோ அங்கே எழுந்தது, எங்கே சரிந்ததோ அங்கே சரிந்தது. முன் ஓரத்தை மட்டும் நகத்தளவு வெளியே விட்டார். இனி மேலிருந்து வருகிற தண்ணீர் அடுக்குகளுக்குள் இறங்காது. இலைக்கு முன்னால் சொட்டிப் போய்விடும். என்றைக்கும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. அவர் காலம் முடிந்து, அவருக்கு அடுத்தவன் காலம்வரை தாங்கும். கீழே நின்று பார்க்கிறவனுக்குத் தகடு இருப்பதே தெரியாது.

பாதி வேலையில் மணி அடித்தது. தெருவில் கூட்டம் வந்து நின்றது.

“இன்னும் என்னடா பண்ற மேல?” அக்காவின் குரல் தேவாலய வாசலைத் தாண்டித் தெரு முழுக்கக் கேட்டது. “வெயில்ல தூக்கிட்டு நிக்கிறாங்க! பொறந்ததுலேருந்து அவனை நிம்மதியா இருக்க விடல. இன்னிக்குக்கூடவா அவனைக் காக்க வைக்கணும்?”

“விடுக்கா,” என்று மொட்டை அடக்கினான். “அவரு குணம் அது.”

மூத்தவர் திரும்பவில்லை. மேல் சந்தில் சாந்தை அடைத்து, கரண்டி நுனியால் வழித்து, ஈரச்சாக்கைப் போர்த்த எடுத்தவர் போர்த்தாமல் வைத்துவிட்டார். போர்த்தினால் இலை தெரியாது. எல்லாரும் உள்ளே போனபிறகு வந்து போர்த்திக்கொள்ளலாம்.

அவர் இறங்கி வந்தபோது யாரும் வழிவிட்டு நிற்கவில்லை; சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெட்டியின் முன்பக்கத்தைப் பிடிக்க ஆட்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால், தலைமாட்டுப் பக்கம், ஓர் இடம் காலியாக இருந்தது. மூத்தவர் சுண்ணாம்புக் கையோடு அதில் தோள் கொடுத்தார். பலகை அவர் கன்னத்தை அழுத்தியது.

பெட்டி வாசலை நோக்கி நகர்ந்தது. முன்னால் போனவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார்கள்.

“எது பழைய கல்லு, எது புதுக் கல்லுன்னே தெரியலையே,” என்றது ஒரு குரல். “சேர்ந்த இடமே தெரியல. அடேயப்பா, என்னா கை அந்த மனுஷனுக்கு!”

மூத்தவருக்கு அப்போதும் வயிறு எரியத்தான் செய்தது. மேலே பார்க்க முடியாமல் பெட்டி அவர் தலையைச் சாய்த்துப் பிடித்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது தரை மட்டும்தான். தேய்ந்து நடுவில் குழிந்துபோன வாசல்படி வந்தது.

“படி இருக்குடா,” என்றார் பலகையோடு வாயை ஒட்டி. “பாத்து வா.”

அந்தப் பக்கம் தோள் கொடுத்திருந்த ரொட்டிக் கடைக்காரர், தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, காலைக் கவனமாகத் தூக்கி வைத்தார்.